அடைப்பு

"மாப்பிள்ளை, லாரிக்காரன் இன்னிக்கும் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறான்," என்றார் மாமனார், இரைக்க இரைக்க.

"போகட்டும் மாமா. முட்டியைத் தூக்கி ஓடுங்க."

காலை வழக்கம் இதுதான். எழுவான். பல் தேய்ப்பான். மாமனாரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை முனைவரை காரில் வருவான். ஓரமாக நிறுத்துவான். பிறகு இருவரும் ஓடுவார்கள்.

"பக்கத்துலயே பார்க் இருக்கு. நாய்கூட அங்கதான் ஓடுது."

"அவ ஹைவேன்னுதான் சொன்னா."

மாமனார் அடங்கிவிட்டார். மகள் சொல்லுக்கு அவர் வீட்டில் மறுசொல் கிடையாது. "நெஞ்சடைப்பு வரக்கூடாதுன்னு ஓடறோம். ஓடியே வந்துடும் போல," என்று மட்டும் முனகினார்.

திரும்பும்போது கார் மக்கர் செய்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. மிதித்தால் வேகம் ஏறவில்லை. அது அவளுடைய கார். பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். அவனுக்கு வியர்வை ஆறி, வேறு வியர்வை வந்தது. உருட்டாத குறையாக ஒர்க்‌ஷாப்பில் சேர்த்தார்கள்.

"வண்டி பொழைச்சுக்குமா?"

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "பொழைச்சுக்கும். புகைக்குழாய் ஃபில்டர்ல கரி அப்பிக் கிடக்கு சார். டீசல் வண்டி. வேகமா ஓடி நல்லா சூடேறினாத்தான் கரி தானா எரியும். தினமும் எதுவரைக்கும் போறீங்க?"

"ஹைவே வரைக்கும்."

"ஹைவேல ஏறி?"

"ஏற மாட்டோம். முனையில நிறுத்திடுவோம்."

"நிறுத்திட்டு?"

"நாங்க ஓடுவோம்."

மெக்கானிக் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தன் ஷூவைப் பார்த்தார்.

"போன சர்வீஸுக்கு வந்தப்ப அக்காகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா," என்றான் அவன்.

மாமனார் அங்கே கிடந்த பழைய டயரின்மேல் மெல்ல உட்கார்ந்தார். அவரும்தான் அன்று கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் மாஸ்க்கைத் தானே விலக்கிவிட்டு, அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"வாரத்துக்கு ஒரு தடவையாவது ஹைவேல நல்லா ஓடணும்ங்க. இல்லேன்னா அடைச்சுக்கும்."