மஞ்சள் குடை

“எங்களுக்காகத்தானே நிக்கிறீங்க?”

ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் மஞ்சள் குடையோடு நின்றவர் திரும்பினார். எதிரே ஒரு பெரியவரும் அவர் மனைவியும். குடைக்காரரின் முகம் மலர்ந்தது.

“ஆமா அண்ணா, உங்களுக்காகத்தான். எப்ப வருவீங்கன்னு கண்ணு பூத்துப்போச்சு. வாங்க அண்ணி, வெயில்ல நிக்காதீங்க” என்று குடையை அந்த அம்மாளின் தலைக்கு மேல் நகர்த்தினார்.

பெரியவர் மனைவியைப் பெருமையோடு பார்த்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊர் சுற்ற வந்த இடத்தில், நல்ல கடைகளாகப் பார்த்து அழைத்துப்போய் ருசிகாட்டும் வழிகாட்டி ஒருவரை, நேற்று சுற்றுலா அலுவலகத்துக்குப் போன் செய்து ஏற்பாடு பண்ணியிருந்தார். கிழக்கு வாசல், மஞ்சள் குடை. அடையாளம் அவ்வளவுதான்.

“எதுக்கும் பேரைக் கேட்டுக்குங்க” என்று மனைவி காதோரம் முணுமுணுத்தாள்.

“வாசல் சரி. குடை சரி. இதுக்கு மேல பேரைக் கேட்டு என்ன பண்ணப்போறே?”

“ரயில்ல வந்த சனத்தையெல்லாம் பேர் கேட்டு, வயசு கேட்டு உலுக்கி எடுத்தவர்தானே நீங்க? நேத்தும் இப்படித்தான் கேக்காம கொள்ளாம படகு ஏத்தினீங்க. தீவைப் பார்க்கப் போறோம்னு சிமெண்ட் ஆலையில கொண்டுபோய் இறக்கினீங்க. இன்னிக்கும் சொதப்பினா, சொன்னது சொன்னதுதான். இனிமே எந்த ஊருக்குப் போனாலும் என் தங்கச்சி வீட்டுக்காரர் பின்னாடிதான் போவோம்.”

பரிசோதகரின் அந்தச் சகலை, பேருந்தில் ஏறியதும் விசில் ஊதித் தலை எண்ணுகிறவர். கழிப்பறைக்குப் போவதற்கும் கை தூக்கச் சொல்கிறவர். மிச்ச ஆயுளை அந்த விசிலுக்கா ஒப்படைப்பது?

முதல் கடை சந்தைக்குள் இருந்தது. தள்ளுவண்டிப் புகையும் மீன்கூடைகளும், மணியடித்து வழி கேட்கும் சைக்கிள்களுமாகச் சந்து திமிறியது. குடைக்காரர் சாப்பாட்டு மேசைகளைத் தாண்டி நேரே அடுக்களைக்கே கூட்டிப்போனார். முதலாளியே எழுந்து வந்து, பெரிய அண்டாவிலிருந்து குழம்பை மொண்டு கொடுத்தார்.

“எல்லாரையும் இங்க விடமாட்டாங்க. நம்ம ஆளோட செல்வாக்கைப் பாரு” என்று பரிசோதகர் கிசுகிசுத்தார்.

குடைக்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்படி இருக்கு அண்ணா? தயவு தாட்சண்யம் பார்க்காம சொல்லணும். உங்க நாக்கைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்.”

நேற்று போனில் தன் நாக்கின் பெருமையை இரண்டு வார்த்தை சொல்லிவைத்தது பரிசோதகருக்கு நினைவு வந்தது. பரவாயில்லை, அலுவலகம் ஒழுங்காகத்தான் நடக்கிறது.

“காரம் முன்னாடி ஓடுது. உப்பு ரயிலைத் தவறவிட்டுடுச்சு.”

குடைக்காரரின் முகம் வாடியது. “அப்ப இது வேண்டாம். அடுத்ததைப் பார்ப்போம். மெதுவா வாங்க அண்ணி, உங்களுக்கு மூட்டுவலின்னு சொன்னாங்க.”

மனைவி கணவரைப் பார்த்தாள். “எனக்கு ஏது மூட்டுவலி? போன்ல நீங்க சொன்னீங்களா?”

“சொல்லியிருப்பேன்.”

இரண்டாவது கடையில் ஆவியில் வெந்த மீன். சூட்டோடு சாப்பிட்டால் சரி, ஆறினால் வாடை வரும் என்றார் பரிசோதகர். “அதேதான் என் பயமும். கூட்டம்னா ஆறத்தானே செய்யும்” என்று குடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது கடையின் வறுத்த கோழியில் வழிந்த எண்ணெய், சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விடவில்லை. அதையும் தள்ளியாயிற்று.

வீட்டில் உப்பு இல்லை என்று சொன்னால் உப்பு ஜாடிதான் அவர் பக்கம் நகரும். இங்கே அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் கடையே மாறுகிறது. பரிசோதகரின் நடையில் பழைய மிடுக்கு வந்துவிட்டது.

“வழிகாட்டின்னா, இது என்ன கட்டடம், அது என்ன தெருன்னு சொல்ல மாட்டாங்களா? இவர் வாயே திறக்கலையே?” என்றாள் மனைவி.

“தொழில் தெரிஞ்சவன் வளவளக்க மாட்டான்.”

நான்காவது கடை ஆற்றங்கரையில். பூப்போன்ற சோறு, பக்கத்தில் கறி, ஒரு கிண்ணம் இனிப்பு. பரிசோதகர் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். மறுபடி கேட்டு வாங்கினார். மனைவியோ தட்டை வழித்துக்கொண்டிருந்தாள்.

“இது சாப்பாடு. இதுல குறை சொன்னா என் நாக்குலதான் கோளாறு.”

குடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளியைக் கூப்பிட உள்ளே ஓடினார்.

மனைவி கணவர் பக்கம் சாய்ந்தாள். “ஒத்துக்கறேன். இன்னிக்கு நீங்க ஜெயிச்சுட்டீங்க. தங்கச்சி வீட்டுக்காரர் தலைகீழா நின்னாலும் இப்படி ஒரு ஆளைப் பிடிச்சிருக்க மாட்டார்.”

பரிசோதகரின் சட்டைப்பையில் போன் அடித்தது. காலையிலிருந்து விடாமல் அடிக்கும் அதே தெரியாத எண். இந்த நேரத்தில் எவனோடு பேச்சு என்று அணைத்துப் போட்டார்.

அதற்குள் குடைக்காரர் முதலாளியைக் கையோடு அழைத்துவந்து, பரிசோதகரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

“இப்பத்தான் எனக்கு உசிரே வந்துச்சு. மாப்பிள்ளையோட பெரியப்பா வாயில நல்ல பேர் வாங்கறது லேசில்லைன்னு உங்க வீட்டுல எல்லாரும் பயமுறுத்தி வெச்சிருந்தாங்க. அப்ப என் பொண்ணு கல்யாணச் சாப்பாட்டை இவர்கிட்டயே பேசி முடிச்சிடலாமா, சம்பந்தி?”

பரிசோதகர் திரும்பிப் பார்ப்பதற்குள், மனைவி தங்கையைப் போனில் அழைத்துவிட்டிருந்தாள்.