பத்துக்கு ரெண்டு

சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் கணவன். தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின. எதிரே சோபாவில் காலை நீட்டியிருந்தாள், 'பிரஷர்காரி' என்று அவன் பட்டப்பெயர் வைத்திருந்த அவன் மனைவி.

"இன்னும் கொஞ்சம் கீழ இறங்குங்க" என்றாள். அவன் இறங்கினான்.

இருபத்தாறு வயதில் ரத்த அழுத்தம் வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. அவள் ஆபீஸில் நடந்த இலவசப் பரிசோதனைக்கு இருவரும்தான் போனார்கள். ரிசல்ட்டை வாங்கி வந்தவள், "உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் எகிறிக் கிடக்கு" என்றாள். மூன்று மாதத்தில் உடற்பயிற்சியால் குறையாவிட்டால் தினமும் மாத்திரை என்று டாக்டர் சொன்னாராம்.

தன் உடம்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவனுக்கு எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். மனைவிக்கு ஒன்று என்றால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது. அன்று மாலையே கயிறு, டம்பெல், ஷூ எல்லாம் வந்து இறங்கின.

அவள் அசைந்தால்தானே. கெஞ்சினான், கொஞ்சினான், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தான். கடைசியில் பேரம் படிந்தது.

"நீங்க பத்து செஞ்சா நான் ரெண்டு."

முதலில் டம்பெல். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினான், முகம் தக்காளியானது. பிரஷர் இம்மியும் நகரவில்லை. அடுத்து கயிறு தாண்டினான். கீழ் வீட்டு அம்மா மாடியேறி வந்து, மேலே என்ன இடிக்கிறீர்கள் என்று கேட்டாள். வேர்வை சொட்டச் சொட்ட நின்றவன், மனைவிக்கு வைத்தியம் என்றான். அந்த அம்மா சோபாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், இறங்கிப் போனாள்.

அந்த வாரம் பிரஷர் கொஞ்சம் குறைந்தது. லிஃப்டை மறந்து மாடிப்படி ஏறிய வாரம் இன்னும் குறைந்தது. சுவர் நாற்காலி வந்த பிறகு மளமளவென்று இறங்கியது.

ஞாயிறுதோறும் வீட்டிலேயே அளந்தார்கள். கையை இறுக்கும் அந்தப் பட்டையைக் கண்டாலே அவளுக்கு நடுக்கமாம். முதலில் அவன் கையில் கட்டி, மெஷினைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்துத் தைரியம் வந்த பிறகுதான் தனக்குக் கட்டிக்கொள்வாள். கணக்கையும் அவளே சொல்வாள்.

"ரெண்டு செஞ்சதுக்கே இவ்வளவு குறையுதே, பத்து செஞ்சா என்ன ஆகும்?" என்று அவன் துள்ளுவான். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள்.

மூன்றாம் மாதம் டாக்டரிடம் போனபோது அவனுக்கு, இவ்வளவு செய்தும் இவளுக்கு மாத்திரை எழுதிவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்திலேயே, எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு குறைந்தது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். டாக்டர் சிரித்துக்கொண்டே பட்டையை எடுத்தார். அவன் நாற்காலியைத் துடைத்து மனைவிக்காக இழுத்துப் போட்டான்.

அவள் உட்காரவில்லை. அவன் தோளை அழுத்தி உட்கார வைத்து, அவன் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"டாக்டர், பேஷன்ட் இவருதான்."