ஒரு கையெழுத்து போதும்

பேனா மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கிளைவ் சும்மா நின்றான். காகிதம் மேஜைமேல் கிடந்தது.

"என்ன, கை நடுங்குதா? பதினெட்டு வருஷம் உன்னோட குடித்தனம் பண்ணவ நான். நடுங்க வேண்டியது என் கை" என்றாள் மாக்ஸீன்.

இந்தக் கையெழுத்துக்காக அவள் அவனைக் கூப்பிட்டது இது மூன்றாவது முறை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கிளைவ்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனான். இப்போது ஊர்க்கோடியில் ஒரு கேரவனில் தனியாக இருக்கிறான். ஆனால் உள்ளூர் கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த இந்த வீட்டின் ஒப்பந்தத்தில் இன்னும் இருவர் பெயரும் இருந்தது. பெயர் இருக்கிறவரை அவன் எந்த நேரமும் சாவி போட்டுத் திறந்து உள்ளே வரலாம். பூட்டை மாற்ற அவளுக்கு உரிமை கிடையாது.

"வெளிய கார் கதவு சாத்துற சத்தம் கேட்டாலே நீயோன்னு எந்திரிச்சு உக்காருறேன். என் வீட்டுல நான் நிம்மதியா இருக்க வேணாமா?"

"நான் சொல்றத ஒரு தடவ கேளு, மாக்ஸ். இதுல நான் கையெழுத்துப் போட்டா..."

"போட்டா நீ வெளிய. அவ்வளவுதான். இந்தச் சுவத்துக்கு எத்தன தடவ பெயின்ட் அடிச்சிருக்கேன் தெரியுமா? பின்னாடி தோட்டத்துல ஒரு புல்லப் புடுங்கிப் போட்டிருப்பியா நீ?"

"அது இல்ல. எங்க அக்கா லொரெய்னுக்கு..."

"உங்க அக்கா கதை எதுக்கு இப்ப? வீடு இல்லாம நாலு மாசம் என் சோபாவுல கிடந்தவதான அவ? மறந்துட்டேன்னு நெனச்சியா?"

கிளைவ் வாயை மூடிக்கொண்டான். அவனுக்குப் பழக்கம்தான்.

காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது பெவ், மாக்ஸீனோடு பிங்கோ ஆடுகிறவள். நூலகக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தது. நாலு வாரத்தில் வீட்டைக் காலி செய்வதாக ரெண்டே வரி நோட்டீஸ். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. ஒருத்தர் போட்டால் போதும் என்று பெவ் சத்தியம் செய்திருந்தாள்.

"கவுன்சில் ஹவுசிங் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான் கிளைவ்.

"கேட்டா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கம்பாங்க. உன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார எனக்கு இஷ்டமில்ல."

"எனக்கு இந்த வீடு வேணாம், மாக்ஸ். உனக்காகத்தான் சொல்ல வர்றேன்..."

"எனக்காகன்னா போடு!"

போட்டான். பேனாவை மூடினான். டீ ஆறிக் கிடந்தது. குடிக்காமலேயே போய்விட்டான்.

அன்றைக்கே மாக்ஸீன் பஸ் பிடித்துப் போய், ஆபீஸ் தபால் பெட்டியில் தன் கையாலேயே அதைப் போட்டாள். காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டே வந்தாள். நாலு வாரம் முடிந்த மறுநாள் ஆள் வைத்துப் பூட்டை மாற்றினாள். வாசல் கதவுக்கு நல்ல சிவப்புப் பெயின்ட் அடித்துப் படம் எடுத்துப் பெவ்வுக்கு அனுப்பினாள். ரொம்ப நாளைக்கப்புறம் அசந்து தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை ஹவுசிங் ஆபீஸிலிருந்து ஹேசல் என்கிற அதிகாரி ஃபைலோடு வந்தாள். தன் பெயர் மட்டும் போட்ட புது ஒப்பந்தம் வந்துவிட்டது என்று மாக்ஸீனுக்கு ஒரே சந்தோஷம். கெட்டிலைப் போட்டாள். நல்ல பிஸ்கட்டாகப் பார்த்துத் தட்டில் அடுக்கினாள்.

"கிளைவ் பேரு போயிடுச்சா?"

"போயிடுச்சும்மா."

"இனிமே அவன் இங்க காலு வெக்க முடியாதுல்ல?"

"முடியாது." ஹேசல் பிஸ்கட்டைத் தொடவில்லை. "நாங்க ரெண்டு லெட்டர் அனுப்பியிருந்தோமே, படிக்கலையா?"

"ரெண்டு பேரு பேரும் போட்டுல்ல வந்துச்சு? அவன் பேரு இருக்கிற கவர நான் பிரிக்கிறதே இல்ல."

ஹேசல் ஃபைலைத் திறந்து மறுபடி மூடினாள்.

"இங்க பாரும்மா. பேரு ரெண்டா இருந்தாலும் ஒப்பந்தம் ஒண்ணுதான். அதுல ஒருத்தர் காலி பண்றேன்னு எழுதிக் குடுத்தா மொத்தமும் முடிஞ்சிடும். அவருக்கும் முடிஞ்சுது, உங்களுக்கும் முடிஞ்சுது. போன வாரத்தோட."

"நான் எங்கயும் கையெழுத்துப் போடலையே!"

"ஒரு கையெழுத்து போதும்மா. இது மூணு பெட்ரூம் வீடு, ஒத்த ஆளுக்குத் திருப்பித் தர மாட்டாங்க. புள்ளகுட்டியோட ஒரு குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு. உங்க பேர வரிசையில சேத்து வெக்கிறேன்." வாசல் கதவை ஒரு பார்வை பார்த்தாள். "பூட்டு புதுசா? சாவி எத்தன இருக்கு?"

கெட்டில் கொதித்து அணைந்தது. மாக்ஸீன் போனை எடுத்தாள். ரெண்டாவது மணியிலேயே கிளைவ் எடுத்துவிட்டான்.

"உனக்குத் தெரியுமா? இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் காத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தாள்.

கிளைவ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"லொரெய்ன் ஏன் உன் சோபாவுல கிடந்தான்னு இப்ப சொல்லட்டுமா?"