சட்டைப் பையில் ஒரு பூட்டு

"கண்ணை மூடிக்கோ. என்னை யாரோன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லு."

மாவு ஆலையின் மாடி அறை. கீழே ஓடும் இயந்திரங்களின் அதிர்வு நாற்காலிக் கால் வழியே ஏறித் தாலாட்டியது. வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்த ஆப்பரேட்டர், விட்டது தொல்லை என்று கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு வருஷமாக ஸ்விட்சில் விரல் வைத்தாலே அவன் கை நடுங்குகிறது. இதுவரை மூட்டை தைக்கும் வேலையில் காலம் தள்ளியாயிற்று. ஆலை படிக்கவைத்து அமர்த்தியிருக்கும் இந்த ஆலோசகரிடம் பேசியும் சரியாகாவிட்டால், சீட்டுக் கிழிந்துவிடும்.

"என்ன தெரியுது?"

"வெயில் சார். கூரைக் கண்ணாடி வழியா விழுது. அதுல மாவுத்தூசி மிதக்குது. எல்லாம் மெதுவா, கனவு மாதிரி..."

"ம்."

"ஃபிட்டர் அண்ணன் ரிப்பேர் பார்க்கக் கலவைத் தொட்டிக்குள்ள இறங்குறார். உள்ள போறவர் மெயின் ஸ்விட்சுல தன் பூட்டை மாட்டிட்டுத்தான் இறங்கணும். வெளிய வந்து அவரே திறக்கிறவரைக்கும் மெஷினை யாரும் ஓட்ட முடியாது. அவர் கையெல்லாம் கிரீஸ். 'நீயே மாட்டிடுடா தம்பி'ன்னு பூட்டை என்கிட்ட தூக்கிப் போட்டார்."

"அப்புறம்?"

"வீட்டுலேருந்து போன். 'நம்ம பொண்ணு நடக்குறா, நாலு எட்டு வச்சுட்டா'ன்னு என் பொண்டாட்டி கத்துறா. எனக்குத் தலைகால் புரியலை. அந்தரத்துல நடந்து வர்றேன். ஸ்விட்சுல பூட்டு இல்ல. வேலை முடிஞ்சிருச்சு, அண்ணன் போயிட்டார்னு நெனச்சு..."

அவன் கை சட்டைப் பையைத் தடவியது.

"பூட்டு என் சட்டைப் பையிலேயே இருந்துச்சு சார். அன்னையிலேருந்து பொண்ணு ஓடி வந்தாக்கூட நான் தூக்கறதில்ல."

"இன்னைக்குத் தூக்கு. நாளைக்கு ஸ்விட்ச் பக்கத்துல நானும் வந்து நிக்கிறேன்." ஆலோசகர் முன்னால் சாய்ந்தார். "உன்னை மட்டும் சொல்லி என்ன? என் பூட்டை நான்தானேடா மாட்டியிருக்கணும்."

ஆப்பரேட்டர் கண்ணைத் திறந்தான். ஒரு வருஷம் கழித்து அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தான். சட்டையின் வலது கை வெறுமையாக மடித்துக் குத்தப்பட்டிருக்க, இடது கை அவனை நோக்கி நீண்டிருந்தது.

"அண்ணே..." என்று அதைப் பிடித்துக்கொண்டான்.