அக்கா எழுந்து போன பிறகு டாக்டர் சொன்னது

மேசைக்குப் பின்னால் டாக்டரம்மா.

எதிரே மூன்று நாற்காலிகள். நடுவில் முகக்கவசத்தோடு அவர். வலப்பக்கம் மனைவி கனி, மடியில் ரிப்போர்ட் பை. இடப்பக்கம், கதவை ஒட்டி, வடிவக்கா.

தம்பியான அவருக்கு எலும்பு மஜ்ஜை கொடுத்தவள் வடிவக்கா.

"எதிர்பார்த்த அளவுக்கு ரத்தம் ஊறல," என்றார் டாக்டரம்மா.



கனி யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"மதினி கைபட்டு எது வெளங்கியிருக்கு?"

வடிவக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

கல்யாணமான வருஷமே புருஷனை இழந்தவள். அவள் கையால் ஊரில் யாரும் ஒரு பூச்செடிகூட வாங்கி நட மாட்டார்கள்.

அன்று சாயங்கால ரயிலிலேயே சங்கரன்கோவிலுக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

கடிதம் என்றால் பிரிக்காமல் இருக்கமாட்டாள்.

வார்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் எழுதுகிறார். எழுத்து கோணுகிறது. ஆனாலும் ஊரும் தேதியும் மேலே வலப்பக்கம். இடப்பக்கம் இரண்டு விரல் மார்ஜின். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி.

அன்புள்ள அக்காவுக்கு.

அடுத்து 'நலம்' என்று எழுத வேண்டும். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டார்.

'நீ போன பிறகு டாக்டரம்மா சொன்னதை எழுதுகிறேன். நீயும் இருந்து கேட்டிருக்க வேண்டியது.

உன் அணுக்களில் ஒரு குறையும் இல்லை. கை நரம்பு வழியாகத்தான் ஏற்றினார்கள். அங்கிருந்து எலும்புக்குள் தாமாகவே வழி கண்டுபிடித்துப் போய்விட்டனவாம். போன இடத்தில்தான் இருக்க வகையில்லை.

ரத்தம் ஊறவைக்கும் அணு தனியாகப் பிழைக்காதாம். எலும்புக்குள் அதைச் சுற்றி வேறு அணுக்கள் உண்டு. அவை அதைப் பிடித்து வைக்க வேண்டும், தீனி கொடுக்க வேண்டும். எப்போது பெருகலாம், எப்போது சும்மா கிடக்கலாம் என்று சொல்ல வேண்டும். என் நோய் அவற்றை எல்லாம் தனக்குச் சாதகமாகத் திருப்பி வைத்திருந்தது. நோய் போய்விட்டது. அது கெடுத்துவைத்த இடம் இன்னும் நேராகவில்லை.

குறை என் எலும்பில், அக்கா.'

பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

ஒன்றாம் வகுப்பு. சுவரோரம் நீளப் பலகை. பாதி வருஷத்தில் வந்து சேர்ந்த அவருக்கு அதில் இடம் இல்லை. பையன்கள் காலை அகட்டிக்கொண்டார்கள். மணி அடிக்கும்வரை சிலேட்டை நெஞ்சோடு பிடித்து நின்றார்.

மறுநாள் ஐந்தாம் வகுப்பிலிருந்து அக்கா வந்தாள்.

"ஏலேய், தள்ளி உக்காருங்கல."

முழங்காலால் இரண்டு பக்கமும் நெட்டிவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். அவரை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவள் கையில் சிலேட்டு துடைத்த கோவை இலை வாசனை. டீச்சர் விரட்டினால் போவாள். கொஞ்ச நேரத்தில் கதவோரம் வந்து நிற்பாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பலகையில் இருப்பாள்.

அவர் 'அ' போட்டது அவள் தோளில் சாய்ந்துகொண்டு.

அதையும் எழுதினார். கோவை இலையை விடவில்லை.

கடைசியாக இதை எழுதினார்.

'இப்போது இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகி வருகிறதாம். அடுத்த மாதத்துக்குள் இன்னொரு தடவை கொஞ்சம் கொடுத்தால் இந்த முறை தங்கும் என்கிறார் டாக்டரம்மா. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. வேறு யாருடையதும் எனக்குப் பொருந்தவில்லை.'

கையெழுத்துப் போட்டு மடித்து உறையில் வைத்தார்.

உறையை நாக்கால் ஈரப்படுத்தக் கூடாது. நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கனியிடம் நீட்டினார்.

கனி ஒட்டவில்லை. வெளியே எடுத்துப் படித்தாள். அவர் தடுக்கவில்லை.

டாக்டரம்மா விளக்கியதைக் கனியும் பக்கத்தில் இருந்து கேட்டவள்தான். அன்றிலிருந்து மதினி பேச்சையே எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. கடிதத்திலும் கனி சொன்னதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"வரச் சொல்லி எழுதலையே?"

"நான் கூப்பிட்டா வந்துருவா."

"பெறவு என்ன?"

"வந்து, உன் பக்கத்துல எப்படி உக்காருவா?"

கனி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பேனாவுக்குக் கை நீட்டினாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஆட்டோக்காரர்கள் எதற்கோ சிரித்தார்கள். பின்னால் பேனா ஓடியது. நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம். மறுபடி ஓடியது.

அவர் திரும்பியபோது கனி மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளியிலிருந்து நாலு பருக்கை எடுத்து உறையின் ஓரத்தில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

என்ன எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை.

கனி கீழே இறங்கிப் போனாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலில் சிவப்புத் தபால் பெட்டி தெரியும்.

உறையைப் போட்டாள்.

விழுந்துவிட்டதா என்று விரல்களை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

விழுந்திருக்கும்.

கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.