தராசு பிடிக்கும் கை

காஜா பேராங் ஊர் ரேஷன் கடையில் அரிசி நிறுத்துக் கொடுக்கும் சிஹாபுதீன், தராசைத் தன் கையால் பிடிப்பதில்லை. ஜப்பான்காரன் நாட்டைப் பிடிக்க வருவதற்கு முன்பே வந்து ஒட்டிக்கொண்ட கைநடுக்கம், எந்த மருந்துக்கும் மசியாதது; அவர் பிடித்தால் முள் நிற்காது. அதனால் வாங்க வருகிறவரே தராசைத் தூக்கிப் பிடிக்க, இவர் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளிப் போடுகிறார். பூச்சி பிடிக்காமலிருக்கச் சுண்ணாம்பு கலந்த ரேஷன் அரிசியின் வாடை கடை முழுக்க நிற்கிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் தூசி மிதக்கிறது. வரிசையில் முதலாவதாக நிற்கும் அன்னத்துக்கு அடுத்து ஆள் இல்லை, ஒரு பழைய டப்பா இருக்கிறது. அது சிஹாபுதீன் தன் பங்கு அரிசிக்காகப் பிடித்து வைத்திருக்கும் இடம். அதற்குப் பின்னால் முத்தையாவும் இன்னும் சிலரும் நிற்கிறார்கள். மூட்டையோ அடிக்கு வந்துகொண்டிருக்கிறது.

தன் அரிசியை வாங்கி முடித்த அன்னம், சிஹாபுதீனுடைய பங்குக்கும் தராசைப் பிடிக்கிறாள். அவர் போடப் போட, எடைக்கல் தட்டு மேலே எழவே மாட்டேன் என்கிறது. குனிந்து பார்க்கிறார். அவளுடைய மறு கையின் சுண்டுவிரல் அந்தத் தட்டின் விளிம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது.

“விரல எடு தங்கச்சி.”

“நோவாளி மனுசன். ஒரு பிடி கூடப் போனா என்னா பாய்?”

“பின்னால ஆளு நிக்குது.”

விரல் விலகியதும் அரிசித் தட்டு தொப்பென்று இறங்குகிறது. கூடுதலை அவர் கிள்ளிக் கிள்ளி மூட்டைக்குத் திருப்புகிறார். நடுங்கும் விரல்களிலிருந்து கீழே விரித்த சாக்கில் சிதறும் மணிகளையும் கூட்டி மூட்டையிலேயே போடுகிறார். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒருவழியாக முள் நேரே நிற்கிறது.

“அடுத்த ஆளு வாங்க.”

முத்தையா ஒரு கையால் தராசைத் தூக்குகிறார். மறு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார்.