பதில் வராத கட்டுரை

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் டாக்டர் ஃபெலிசியா எட்டாவது தடவையாகப் போனை எடுத்துவிட்டாள்.

"கோயில் கேன்டீன்லயாவது நிம்மதியா கோப்பி குடி லா," என்றான் கணவன் அட்ரியன்.

"எப்படிக் குடிக்கிறது? பேராசிரியர் பதவிக்கு மனு போட வெள்ளிக்கிழமைதான் கடைசி. ஒரே ஒரு கட்டுரை பாக்கி. அஞ்சு மாசமா பதிலே இல்ல!"

கணினிக் கணிதத்தில் பதினெட்டு வருட உழைப்பு. இருந்தாலும் ஒரு கட்டுரை அச்சேற, அதே துறையில் யாரோ ஒருவர் படித்துச் சரி சொல்லவேண்டும். எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது. அவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. திட்டுவதற்குக்கூட ஒரு பெயர் கிடைக்காத ஏற்பாடு!

போன் சிணுங்கியது. பாய்ந்து பார்த்தாள். வேறு ஏதோ ஆய்விதழின் நினைவூட்டல்.

"இவங்க வேற, நேரங்காலம் தெரியாம!" ஒதுக்கித் தள்ளினாள்.

அதே கோயிலுக்கு வரும் எலைன் வந்து எதிரே உட்கார்ந்தாள். வேறொரு கல்லூரியில் கணித விரிவுரையாளர். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, என் கான்ட்ராக்ட்ட நீட்டிக்கல. கட்டுரை வெளிவரலயாம். நாளையிலேருந்து எல்லை தாண்டி சிங்கப்பூர்ல டியூஷன் வேலை. காலைல நாலரைக்கே பஸ் பிடிக்கணும்."

"அலமாக்! என்ன ஆச்சு?"

"பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்துல மூணு வருஷம் சேத்துல நின்னு அளவெடுத்தேன்கா. மழைத்தண்ணி மண்ணுல எப்படி இறங்குதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டேன். யாரோ ஏழு மாசமா படிக்காமலே வச்சிருக்காங்க."

ஃபெலிசியாவுக்குக் கொதித்தது.

"மனசாட்சி இல்லாத ஜென்மங்க! ஒருத்தர் பொழப்பு இதுல இருக்குன்னு தெரியாதா? எனக்கு வந்தா ஒரே வாரத்துல படிச்சு அனுப்பிடுவேன்!"

"எல்லாரும் உங்கள மாதிரி இருப்பாங்களாக்கா?"

எலைன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஃபெலிசியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடியும் போன். தன் கட்டுரைக்கு இன்னும் பதில் இல்லை. அந்த நினைவூட்டலையாவது அழிக்கலாமென்று விரலை வைத்தாள். அது திறந்துகொண்டது.

'உங்கள் கருத்துக்காக ஏழு மாதங்களாகக் காத்திருக்கிறோம். இது ஐந்தாவது நினைவூட்டல். கட்டுரை: பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்ட மண்ணில் மழைநீர் இறங்கும் வேகம்.'

கோப்பி ஆறிப்போயிருந்தது.

"என்ன ஃபெலி, பதில் வந்துடுச்சா?" ஆவலாகக் கேட்டான் அட்ரியன்.

எலைன் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஃபெலிசியா.

"இல்ல. நான்தான் அனுப்பல."